மெம்ஃபிஸில் ஊதிய விசில், ஒமாஹாவில் அடித்த போன்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் நடுவர்மேல் ரசிகர்கள் கோபப்படுவது புதுசில்லை. ஒவ்வொரு மார்ச் மாதமும் ஏதாவது ஒரு ஊர் மொத்தமாகச் சேர்ந்து ஏதாவது ஒரு நடுவரைத் திட்டித் தீர்க்கும், ஏப்ரல் பிறந்தால் மறந்துவிடும். 2017இல் மட்டும் அப்படி முடியவில்லை. கென்டக்கி பல்கலைக்கழக ரசிகர்களின் கோபம் ஜான் ஹிக்கின்ஸ் என்ற ஒரு நடுவரைத் தேடி, அவர் நடத்திய தொழில் வரைக்கும், வீடு வரைக்கும் போனது. அங்கிருந்து வழக்காகி, கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் போய் 2020இல்தான் முடிந்தது. நடுவர் ஓரவஞ்சனை செய்கிறார் என்று ரசிகர் நம்புவது எங்கிருந்து வருகிறது, அதில் எவ்வளவு உண்மை, அந்தக் கோபம் ஏன் எப்போதும் தப்பான ஆளின் தலையில் விழுகிறது என்பதையெல்லாம் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் ஆட்டம். 2017 மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை, மெம்ஃபிஸ் நகரின் ஃபெட்எக்ஸ் ஃபோரம் அரங்கம். கல்லூரிகளுக்கான தேசியப் போட்டித் தொடரில் கென்டக்கிக்கும் நார்த் கரோலினாவுக்கும் நடந்த காலிறுதி, ஜெயிக்கிற அணி கடைசி நான்குக்குள் போகும். இரண்டுமே இந்த விளையாட்டின் பழம்பெருமை மிக்க அணிகள், அதோடு அந்த சீசனிலேயே டிசம்பரில் லாஸ் வேகாஸில் ஒருமுறை மோதி, மாலிக் மங்க் தனியாக 47 புள்ளிகள் அடிக்க, கென்டக்கி 103-100 என்று ஜெயித்திருந்தது. அதனால் இந்த இரண்டாவது ஆட்டத்துக்கு எதிர்பார்ப்பு எக்கச்சக்கம்.

கல்லூரி ஆட்டத்தில் ஒரு வீரருக்கு ஐந்து ஃபவுல், அதாவது எதிராளியை விதிமீறி மோதியதற்கோ தடுத்ததற்கோ விசில், வந்தால் அவர் வெளியே போய்விட வேண்டும். தொழில்முறை லீகான என்பிஏவில் ஆறு. ஆண்கள் கல்லூரி ஆட்டம் மொத்தம் 40 நிமிடம், 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி. முதல் பாதியிலேயே ஒருவருக்கு இரண்டு ஃபவுல் விழுந்துவிட்டால் பெரும்பாலான பயிற்சியாளர்கள் அவரைத் தூக்கி பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள், மூன்றாவதும் வந்துவிட்டால் இரண்டாம் பாதி முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு விளையாட வேண்டியிருக்குமே என்ற பயம். அன்றைக்கு கென்டக்கிக்கு நடந்தது அதுதான். டி'ஆரன் ஃபாக்ஸ் உட்பட அணியின் முக்கியமான ஆட்கள் முதல் பாதியிலேயே ஃபவுல் சிக்கலில் மாட்டிக்கொண்டு பெஞ்சுக்குப் போனார்கள். அந்த இடைவெளியில் பெஞ்சிலிருந்து வந்த ஆஸ்திரேலியாக்காரர் ஐசக் ஹம்ஃப்ரீஸ் 12 புள்ளிகள் எடுத்து ஆச்சரியப்படுத்தினார். ஆனால் ரசிகர் கண்ணில் அது படவில்லை. டிவியில் கேமரா காட்டிக்கொண்டே இருந்தது பெஞ்சில் துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருக்கும் நட்சத்திரங்களை. ஃபவுல் சிக்கலின் விசேஷமே இதுதான்: தப்பான ஒரு விசில் அந்த நொடியோடு போகாது, அடுத்த பத்து நிமிடம் அந்த வீரர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க ரசிகனுக்கு வயிறு எரிந்துகொண்டே இருக்கும்.

ஆனாலும் ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கென்டக்கிதான் முன்னணியில், 64-59. இதைக் கோபக்காரர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அங்கிருந்து நார்த் கரோலினா வரிசையாக 12 புள்ளிகள் எடுத்து 71-64 என்று மாற்றியது, கென்டக்கியால் அந்த நேரம் முழுக்க ஒரு கூடைகூடப் போட முடியவில்லை. கடைசி நிமிடத்தில் மறுபடி எழுந்து, 7.2 நொடிகள் மிச்சமிருக்கும்போது மங்க் மூன்று புள்ளி ஷாட் ஒன்றைக் கூடைக்குள் இறக்கி 73-73 என்று சமன் செய்தார். அரங்கமே எழுந்து நின்றது. கூடையில் விழுந்த பந்தை நார்த் கரோலினா உடனே எல்லைக்கு வெளியிலிருந்து மைதானத்துக்குள் போட்டது, தியோ பின்சன் யாரும் நிறுத்துவதற்குள் மைதானத்தின் மறுமுனைக்கு ஓடி, பின்னால் வந்த லூக் மேயிடம் தள்ளினார், மே மூன்று புள்ளிக் கோட்டுக்குச் சற்று உள்ளே நின்று அடித்தார். 0.3 நொடி மிச்சம், 75-73. பெஞ்சிலிருந்து வந்து விளையாடும் ஆள் மே. அடுத்த நாள் காலை எட்டு மணி வகுப்புக்கு அவர் வழக்கம்போல் போனார், வகுப்பே எழுந்து கைதட்டியது.

ஆட்டத்தை முடித்துவைத்த அந்த ஏழு நொடிகளில் விசில் ஊதப்படவே இல்லை. கென்டக்கி பயிற்சியாளர் ஜான் கலிபாரியே, மங்க் ஷாட் விழுந்ததும் டைம்-அவுட் (ஆட்டத்தைச் சற்று நிறுத்தும் இடைவேளை) கேட்டிருக்கலாம், யோசிப்பதற்குள் எதிரணி பந்தை உள்ளே போட்டுவிட்டது என்று சொன்னார். அந்த நேர்மையைப் பாராட்டுகிறேன். ஆனால் அதே பேட்டியில் அவர் இன்னொன்றும் சொன்னார்: என் அணியையே ஏறக்குறைய ஃபவுலில் வெளியேற்றிவிட்டார்கள், அப்படியும் ஜெயிக்க வாய்ப்பு இருந்ததே ஆச்சரியம்தான் என்கிற அர்த்தத்தில். முதல் பேச்சை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்த்தது. பயிற்சியாளர் சொல்வது ரசிகனுக்குச் சும்மா கருத்து இல்லை, உத்தரவு மாதிரி.

களத்தில் மூன்று நடுவர்கள் இருப்பார்கள். அன்றும் மூன்று பேர். பழி விழுந்தது ஒருவர்மேல் மட்டும். ஏன் என்று பார்த்தால், ஹிக்கின்ஸ் முகம் எல்லோருக்கும் தெரிந்த முகம், பல வருடமாகப் பெரிய ஆட்டங்களில் ஊதியவர், டிவி வர்ணனையாளர்களே பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஆள். அதைவிட முக்கியம், அவரைத் தேடினால் கிடைப்பார். கல்லூரிக் கூடைப்பந்து நடுவர்கள் யாருக்கும் சம்பளக்காரர்கள் இல்லை, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பல கான்ஃபரன்ஸ்களுக்கு (தங்களுக்குள் மோதும் கல்லூரிகளின் கூட்டமைப்புகள்) ஊதும் தனி ஒப்பந்தக்காரர்கள், அதனால் நிறைய பேருக்கு வேறு தொழில் இருக்கும். ஹிக்கின்ஸ் நெப்ராஸ்கா மாநிலம் ஒமாஹா பக்கத்தில் கூரை போடும் கம்பெனி நடத்தினார். அதன் பெயர் ரூஃபரீஸ். ஆங்கிலத்தில் கூரையையும் (ரூஃப்) நடுவரையும் (ரெஃப்ரி) சேர்த்து வைத்த பெயர். அன்றைய தோல்விக்குப் பிறகு கோபத்தில் ஃபோனைக் கையில் எடுத்தவனுக்கு அந்தப் பெயர் ஒரு வாசலைத் திறந்துவிட்டது.

அப்புறம் நடந்தது கொடுமை. ரூஃபரீஸின் ஃபேஸ்புக் பக்கத்தில் கென்டக்கிக்காரர்கள் வரிசை கட்டி வந்து ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள், நெப்ராஸ்காவில் கால் வைத்தே இருக்காதவர்கள் கூரை ஒழுகுகிறது, ஏமாற்றிவிட்டான் என்று எழுதினார்கள். நல்ல மதிப்பெண்ணோடு இருந்த கம்பெனி ஓரிரு நாளில் தரைக்கு வந்தது. அலுவலகத்துக்கு ஆயிரக்கணக்கில் போன் வந்ததாகவும், பெரும்பகுதி கென்டக்கி எண்களிலிருந்து வந்ததாகவும் பின்னால் வழக்கில் சொன்னார்கள். கொலை மிரட்டலும் வந்தது. அந்தப் பகுதி ஷெரிஃப் அலுவலகம் விசாரணையில் இறங்க வேண்டியதாயிற்று. அந்தக் கம்பெனியில் போன் எடுக்கிறவரை நினைத்துப் பாருங்கள். ஃபாக்ஸ் யார், மங்க் யார் என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மழைக்காலத்துக்கு முன் கூரை சரிசெய்ய வேண்டும் என்று கூப்பிடும் வாடிக்கையாளரின் அழைப்பு இந்த வசவுகளுக்கு நடுவில் எங்கே கேட்கும்? பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள், இங்கே பாவமே என்னவென்று தெரியாமல் பழி போய் விழுந்தது.

ஹிக்கின்ஸ் அதே வருடம் அக்டோபரில் வழக்குப் போட்டார். கோபத்தைத் தூண்டிவிட்டது கென்டக்கி ஸ்போர்ட்ஸ் ரேடியோதான் என்பது அவர் வாதம். மாட் ஜோன்ஸ் நடத்தும் அந்த ரேடியோவுக்கு மாநிலம் முழுக்க ரசிகர்கள். அவர்கள் ஹிக்கின்ஸின் தொழிலைப் பற்றி நிகழ்ச்சியில் பேசினார்கள், விமர்சனம் என்ற பெயரில் ரசிகர்கள் எழுதியதை எடுத்துப் போட்டார்கள். அதே சமயம் அவரை இப்படித் தொந்தரவு செய்யக்கூடாது என்றும் சொன்னார்கள். வழக்கு நெப்ராஸ்காவில் தொடங்கி கென்டக்கிக்கு மாறியது, 2019இல் அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, 2020இல் ஆறாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பொதுமக்கள் அக்கறை கொண்ட ஒரு விஷயத்தைப் பற்றிய பேச்சு பேச்சுரிமை தரும் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தின் பாதுகாப்புக்குள் வருகிறது, கேட்டவர்களில் சிலர் அத்துமீறினார்கள் என்பதற்காகப் பேசியவரைப் பொறுப்பாக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி சரியான தீர்ப்பு என்றுதான் நினைக்கிறேன், நடுவரை விமர்சித்தாலே கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்றால் விளையாட்டுப் பத்திரிகையே நடத்த முடியாது. ஆனால் "போன் செய்யாதீர்கள்" என்று சொல்லிக்கொண்டே அந்த ஆளின் தொழிலை நாள் முழுக்கப் பேச்சுப் பொருளாக்குவது எனக்கு ஒப்பவில்லை. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக அது செய்யத்தக்க காரியம் ஆகிவிடாது.

சரி, ரசிகர்கள் சொன்னதில் ஏதாவது உண்மை உண்டா? இங்கேதான் பலர் அவசரப்பட்டு இரண்டு பக்கமும் தப்பாகப் பேசுகிறார்கள். ஒரு கூட்டம் நடுவர் காசு வாங்கிவிட்டார் என்கிறது, இன்னொரு கூட்டம் எல்லாம் தோற்றவன் புலம்பல் என்கிறது.

கல்லூரி நடுவர்களின் விசிலில் சாய்வு இருக்கிறது, அது அளந்து காட்டப்பட்டிருக்கிறது. கைல் ஆண்டர்சன், டேவிட் பியர்ஸ் என்ற இருவர் 2004-05 சீசனின் 365 ஆட்டங்களை எடுத்து ஃபவுல் ஃபவுலாக ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். சொந்த ஊர் அணியைவிட வெளியூர் அணிமேல் அதிகம் ஊதுகிறார்கள், முன்னணியில் இருக்கும் அணிமேல் அதிகம் ஊதுகிறார்கள், இதையெல்லாம்விட முக்கியமாக, இதுவரை எந்த அணிக்குக் குறைவான ஃபவுல் வந்திருக்கிறதோ அந்த அணிமேல்தான் அடுத்த விசில் விழ அதிக வாய்ப்பு. சொந்த ஊர் அணிக்கு ஐந்தோ அதற்கு மேலோ ஃபவுல் கூடுதலாக இருந்தால், அடுத்த ஃபவுல் வெளியூர் அணிக்குப் போக கிட்டத்தட்ட 70 சதவீத வாய்ப்பு. வேண்டுமென்று செய்கிறார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு பக்கமே ஊதிக்கொண்டிருந்தால் அரங்கம் கத்தும், பயிற்சியாளர் கத்துவார், ஸ்கோர்போர்டில் எண் முறைத்துக்கொண்டிருக்கும், மனித மனம் தன்னை அறியாமல் சமன் செய்யப் பார்க்கும்.

இதிலிருந்து ஒரு விஷயம் கிடைக்கிறது, என் பார்வையில் இந்த விவகாரம் முழுவதிலும் அதுதான் உயிர்நாடி. ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஓடிப்போய்ப் பார்ப்பது மொத்த ஃபவுல் எண்ணிக்கையை. வித்தியாசம் பெரிதாக இருந்தால் ரசிகன் "பார், ஓரவஞ்சனை" என்பான், ஏறக்குறைய சமமாக இருந்தால் நடுவர் தரப்பு "பார், நியாயம்" என்று சொல்லும். இரண்டுமே செல்லாது. உடம்பால் முட்டி மோதி விளையாடும் அணியும் தள்ளி நின்று ஷாட் அடிக்கும் அணியும் மோதினால் நியாயமான எண்ணிக்கை சமமாக இருக்கவே கூடாது. அப்படி ஒரு ஆட்டத்தில் சமமாக வந்தால் யாருக்கோ அநியாயம் நடந்திருக்கிறது என்று அர்த்தம். அதோடு பத்தாவது நிமிடம் விழுந்த இரண்டாவது ஃபவுலும் நேரம் முடியும்போது வேண்டுமென்றே வாங்கும் ஃபவுலும் கணக்கில் ஒன்றுதான், ஆட்டத்தில் ஒன்று இல்லை. கென்டக்கி ரசிகனின் நிஜமான வலி முதல் பாதியில் எந்த நேரத்தில், யார்மேல் விசில் விழுந்தது என்பதில் இருந்தது. அதை எண்ணிக்கையால் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

ஒவ்வொரு விசிலும் எப்படி வருகிறது என்று கிட்டப் போய்ப் பாருங்கள். ஒருவன் பந்தோடு கூடையை நோக்கிப் பாய்கிறான், தடுப்பவன் குறுக்கே வந்து நிற்கிறான், இருவரும் மோதி விழுகிறார்கள். தடுப்பவன் முன்னதாகவே இடம் பிடித்து நின்றிருந்தால் அது பாய்ந்தவன் செய்த சார்ஜ், நகர்ந்துகொண்டிருந்தால் தடுத்தவன் செய்த பிளாக். கூடைக்கு அடியில் தரையில் ஒரு வளைவுக் கோடு இருக்கும், 2015-16 சீசனில் அதன் தூரத்தை மூன்று அடியிலிருந்து நான்கடி ஆக்கினார்கள், உதவிக்கு ஓடிவரும் தடுப்பாளன் அதற்குள் நின்றால் சார்ஜ் கேட்க முடியாது. ஆக நடுவர் ஒரே நொடியில் தடுத்தவனின் காலையும் பார்க்க வேண்டும், உடம்பையும் பார்க்க வேண்டும், பாய்ந்தவன் எப்போது தரையை விட்டு எழும்பினான் என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து மூன்று கோணத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்தாலே நண்பர்களுக்குள் சண்டை வருகிறது. இதில் எது விழுந்தாலும் பாதி அரங்கத்துக்கு அது திருட்டு.

பார்க்கிற கண்ணும் நடுநிலை இல்லை. 1951இல் டார்ட்மவுத், பிரின்ஸ்டன் கல்லூரிகளுக்கு இடையே ஒரு முரட்டு அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடந்தது. அதன் படச்சுருளை இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள் ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள், முடிவை 1954இல் வெளியிட்டார்கள். டார்ட்மவுத் அணி செய்ததாக டார்ட்மவுத் மாணவர்கள் எண்ணிய தப்புகளைவிட இரண்டு மடங்குக்கு மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். ஒரே படம்! யாரும் பொய் சொல்லவில்லை, அவரவருக்கு அப்படித்தான் தெரிந்தது. கென்டக்கி ரசிகனும் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை என்பதை நான் மனதார நம்புகிறேன்.

அதோடு அவன் சந்தேகப்பட நிஜமான காரணங்களும் இருக்கின்றன. என்பிஏ நடுவர் டிம் டோனகி சூதாட்ட விவகாரத்தில் 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். கல்லூரி ஆட்டத்திலேயே 2013இல் பாக்-12 கான்ஃபரன்ஸில் நடந்தது இன்னும் நாறுகிறது. அங்கே நடுவர்களுக்குத் தலைவராக இருந்த எட் ரஷ், அரிசோனா பயிற்சியாளர் ஷான் மில்லருக்கு டெக்னிக்கல் ஃபவுல் (மோதலுக்கு இல்லாமல் நடத்தைக்காகக் கொடுக்கும் ஃபவுல்) கொடுக்கிற நடுவருக்கு 5,000 டாலர் அல்லது மெக்சிகோவின் கான்கூனுக்குச் சுற்றுலா என்று நடுவர்கள் கூட்டத்தில் சொன்னார். அந்த மார்ச்சில் யூசிஎல்ஏவுக்கு எதிரான அரையிறுதியில் மில்லருக்கு நிஜமாகவே டெக்னிக்கல் விழுந்தது, அரிசோனா இரண்டே புள்ளியில், 66-64 என்று தோற்றது. விஷயம் வெளியே வந்ததும் அது விளையாட்டுக்குச் சொன்னது என்று கான்ஃபரன்ஸ் சொன்னது, சில நாளில் ரஷ் பதவி விலகினார். ஆட்டத்துக்குப் பின் நடந்துகொண்ட விதத்துக்காக மில்லருக்குத்தான் 25,000 டாலர் அபராதம். விளையாட்டுக்கே சொல்லியிருக்கட்டும், தன் வேலையும் அடுத்த ஆட்டமும் யார் கையில் இருக்கிறதோ அவர் அப்படிச் சொன்னால் கேட்கிற நடுவர் என்ன நினைப்பார்? இதைப் படித்த ஒரு ரசிகனிடம் போய் நடுவர்கள் எல்லாம் அப்பழுக்கற்றவர்கள் என்றால் அவன் ஏன் நம்ப வேண்டும்?

இரண்டு சம்பவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது இது: பாக்-12இல் கோளாறு இருந்தது நடுவர்களை நியமிக்கிற, மதிப்பிடுகிற அறையில். ரசிகன் அந்த அறைக்குள் எட்டிப் பார்க்கவே முடியாது. ஒரு நடுவர் அன்றைக்கு எவ்வளவு சரியாக ஊதினார் என்று அதிகாரிகள் மதிப்பிடுகிறார்கள், அதன் அடிப்படையில்தான் மார்ச் மாதப் போட்டிகளில் அடுத்த சுற்றுக்கு அனுப்புகிறார்கள், ஆனால் அந்த மதிப்பீடு வெளியே வராது. நடுவர்கள் பேட்டி கொடுப்பதில்லை, அபூர்வமாக ஒரு நிருபர் மூலம் இரண்டு வரி விளக்கம் வரும். என்பிஏ 2015 மார்ச்சிலிருந்து நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத்தில் எந்த விசில் சரி, எது தப்பு என்று மறுநாளே அறிக்கை போடுகிறது. அதற்காக என்பிஏ ரசிகர்கள் திட்டுவதை நிறுத்தவில்லை, ஆனால் திட்ட ஒரு காகிதம் கிடைக்கிறது. கல்லூரி ரசிகனுக்கு அதுவும் இல்லை, மீதி இருப்பது ஒரு முகமும் ஒரு பெயரும்தான். அந்தப் பெயரை கூகுளில் போட்டான், கூரைக் கம்பெனி வந்தது.

போன் செய்து மிரட்டியவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தோல்வி வலிக்கும், அதிலும் லாக்கர் அறையில் ஃபாக்ஸ் உடைந்து அழுத காட்சியைப் பார்த்த எவருக்கும் வலித்திருக்கும். அந்த வலியை ஒரு குடும்பத்தின் சாப்பாட்டில் கை வைத்துத் தீர்த்துக்கொள்வதற்கு மன்னிப்பே கிடையாது. 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மாநிலம் மாநிலமாக விளையாட்டுப் பந்தயம் சட்டபூர்வமாகிவிட்டது, ஒவ்வொரு விசிலிலும் இப்போது யாரோ ஒருவரின் பணமும் இருக்கிறது. வசவு குறைய எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் மதிப்பீடுகளை வெளியிடுங்கள் என்று கேட்பதில் இனியும் தயங்கக் கூடாது என்கிறேன். தப்பு என்று தெரிந்த விசிலைத் தப்பு என்று அமைப்பே மறுநாள் சொன்னால், அதைச் சொல்ல ரசிகனுக்கு ரேடியோ தேவைப்படாது.

ஒரு சின்ன மாற்றம் வந்திருக்கிறது. 2025-26 சீசனிலிருந்து ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் பயிற்சியாளர் ஒரு முடிவை எதிர்த்து மறுபரிசீலனை கேட்கலாம், அதற்கு அவர் கையில் டைம்-அவுட் இருக்க வேண்டும். பந்து யார்மேல் பட்டு வெளியே போனது, கூடைக்குப் போகும் பந்தை விதிமீறித் தட்டினார்களா, உதவிக்கு வந்த தடுப்பாளன் அந்த வளைவுக் கோட்டுக்குள் நின்றானா, இவற்றுக்கு மட்டும். சாதாரண ஃபவுல் இதில் வராது. மெம்ஃபிஸில் ஃபாக்ஸைப் பெஞ்சுக்கு அனுப்பிய மாதிரியான விசில் இன்று ஊதப்பட்டாலும், அதை எதிர்த்துக் கேட்க கென்டக்கி பயிற்சியாளருக்கு வழி இல்லை.